காரைக்குடிக்குப் புதுசா? ‘சூப்பர்ஃபுட்’ ஆர்டர் போடும் முன் இதைப் படியுங்கள்

காரைக்குடிக்குக் குடிவந்த முதல் மாதம் இணையத்தில் மூன்று பொட்டலம் வாங்கினேன்: சியா விதை, கினோவா என்ற தானியம், முருங்கை இலைப் பொடி. மூன்றும் சேர்ந்து அந்த மாத மளிகைச் செலவில் பாதி. பார்சல் வந்த அன்று வீட்டுக்கார ஆச்சி முருங்கைப் பொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எம்புட்டு?” என்றார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் பின்கட்டுக் கதவைத் திறந்துவிட்டார். கிணற்றடியில் முருங்கை மரம், தலைக்கு மேல் தழைத்துக் கிடந்தது. “ஏறத் தெரியாட்டிச் சொல்லு ஆத்தா, தொரட்டி தாரேன்” என்றார்.

அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்க, ‘செக்ரி’ என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்ய, வங்கி மாற்றலில் என்று இந்த ஊருக்கு வருஷம் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தனியாகச் சமைத்துச் சாப்பிடுபவர்கள், கையில் போனும் அதில் ‘பத்து சூப்பர்ஃபுட்’ வீடியோவுமாக இருப்பவர்கள். அவர்களுக்காகத்தான் இது. எதை வாங்கலாம், எவ்வளவு சாப்பிடலாம், எப்படிச் சமைத்தால் சத்து தங்கும், யார் ஒதுங்கிப் போக வேண்டும் என்று நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது.

அந்தச் சொல்லைப் பற்றி முதலில். ‘சூப்பர்ஃபுட்’ என்பதற்கு மருத்துவத்திலோ சட்டத்திலோ ஒத்துக்கொண்ட வரையறை கிடையாது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வாழைப்பழ விற்பனைக்காகச் செய்த விளம்பரங்களோடு சேர்த்துத்தான் இந்தச் சொல்லின் கதையைச் சொல்வார்கள். ஆமாம், நம்ம வாழைப்பழம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல், தகுந்த ஆதாரத்தோடு அனுமதி பெற்ற நலக் குறிப்பு இல்லாமல் பொட்டலத்தில் அந்தச் சொல்லைப் போட்டு விற்க முடியாது. அதற்காக உள்ளே இருக்கும் சத்து பொய் என்று அர்த்தமில்லை. சியாவில் இருக்கும் நார்ச்சத்தும் உண்மை, முருங்கையில் இருக்கும் கால்சியமும் உண்மை. நாம் அதில் எத்தனை கிராம் சாப்பிடுகிறோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

முதல் வேலை: உங்களுக்கு என்ன குறைகிறது என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அதனால் ‘எனக்கெல்லாம் இருக்காது’ என்று தள்ளிவிட வேண்டாம்.

அப்புறம் தேவை எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு, ஆணுக்கு 19. கால்சியம் இருவருக்கும் 1000 மில்லிகிராம். வைட்டமின் சி ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65. இந்த எண்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். இனி யார் எந்தப் பொடியை விற்க வந்தாலும் அந்தச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

கரண்டிக் கணக்கு

என் முருங்கைப் பொடியையே எடுத்துக்கொள்வோம். காய்ந்த முருங்கை இலையில் 100 கிராமுக்குச் சுமார் 2000 மில்லிகிராம் கால்சியம் என்று போட்டிருக்கும். பார்த்ததும் மலைப்பாக இருக்கும். ஆனால் யாரும் 100 கிராம் பொடி சாப்பிடுவதில்லை. ஒரு தேக்கரண்டி என்பது ஏறக்குறைய 3 கிராம். அதில் கிடைப்பது 60 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. இலை காய்ந்தால் தண்ணீர் போய்விடும், எடை குறையும், எண்கள் பெரிதாகும். அந்த உலர்ந்த எண்ணைத் தண்ணீரோடு இருக்கும் ஆரஞ்சுடனும் பாலுடனும் ஒப்பிட்டு ‘இத்தனை மடங்கு’ என்பார்கள். நெத்திலிக் கருவாட்டைப் பச்சை நெத்திலியோடு எடைக்கு எடை ஒப்பிடுவது மாதிரி. வைட்டமின் சி வேறு கதை. பச்சை இலையில் நன்றாகவே இருக்கும், காயவைத்தால் பெரும்பகுதி போய்விடும்.

பச்சை முருங்கைக்கீரை ஒரு ஆளுக்கு 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு வேளைப் பொரியலில் கால்சியம் சுமார் 150 மில்லிகிராம், இரும்பு இரண்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல். நல்ல கணக்குத்தான். ஆனால் 29 எங்கே, 2 எங்கே? ‘தினம் முருங்கை சாப்பிட்டால் ரத்தம் ஊறும்’ என்று நம்பி இரும்பு மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள்.

கவுனி: இந்த ஊருக்கு வந்தவர் தெரிந்துகொள்ள வேண்டிய அரிசி

செட்டிநாட்டுக் கல்யாண விருந்தில் இலையில் கருஞ்சிவப்பாக, தேங்காய்ப்பூ தூவி, நெய் மினுங்க ஒன்று வைப்பார்கள். அதுதான் கவுனி அரிசி. பர்மாவில் கொண்டுவிற்கப் போன நகரத்தார் வழியாக வந்தது என்பார்கள். இனிப்புக்குப் பயன்படுவது ஒட்டும் ரகம். கடையில் ‘கருப்புக் கவுனி’ என்று கேட்டால் ஒட்டாத ரகமும் கொடுப்பார்கள். எதற்கு வேண்டும் என்று சொல்லியே வாங்குங்கள்: இனிப்புக்கா, கஞ்சிக்கா, இட்லிக்கா.

அதன் கறுப்பு முழுக்க மேல்தவிட்டில் இருக்கிறது. ஒரு அரிசியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளை. அந்தத் தவிட்டில்தான் நார்ச்சத்தும், நாவல்பழத்துக்குக் கருநீலம் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமியும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கரண்டி அரிசியை அரை டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் நீர் ஊதாவாகும். அதை இரண்டு கிண்ணத்தில் பிரித்து ஒன்றில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள், இளஞ்சிவப்பாகிவிடும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுங்கள், நீலமும் பச்சையுமாக மாறும். சங்குப்பூத் தேநீர் நிறம் மாறுவதும் இதே காரணத்தால்தான். நிறமே மாறவில்லை என்றால் அந்தக் கடைப்பக்கம் மறுபடி போக வேண்டாம்.

இந்த நிறமி தண்ணீரில் கரைந்துபோகும் என்பதுதான் சமையலில் முக்கியம். நான் முதல்முறை செய்த கூத்தைச் சொல்கிறேன். ஊறவைக்க மறந்து, சாதாரண அரிசி மாதிரி மூன்று விசில் விட்டு இறக்கினேன். பல் உடையாதது என் நேரம். இரண்டாம் முறை இரவெல்லாம் ஊறவைத்தேன், காலையில் அந்த ஊதாத் தண்ணீரை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீர் வைத்தேன். ஆச்சி பார்த்துவிட்டார். “கவுனியக் கொட்டிப்புட்டு வெறும் அரிசிய வேகவைக்கிற” என்றார்.

சரியான முறை இது. ஒரு டம்ளர் கவுனியை இரண்டு தடவை லேசாக அலசுங்கள். மூன்றரை டம்ளர் தண்ணீரில் எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவிடுங்கள். அதே தண்ணீரோடு குக்கரில் ஏற்றி, முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து இருபத்தைந்து நிமிஷம். ஆவி தானாக அடங்கட்டும். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். ஆனால் குழையக் கூடாது, பல்லில் சற்றுக் கடிபடுவதுதான் கவுனிக்கு அழகு. சூட்டோடு சர்க்கரை, நெய், தேங்காய்த்துருவல், ஏலக்காய்.

இங்கே ஒரு நிஜத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரு டம்ளர் அரிசிக்கு முக்கால் டம்ளர் சர்க்கரை போட்டு ஆறு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 25 கிராம் சர்க்கரை வந்துவிடும். ஒரு நாள் முழுக்க அதற்குள் நின்றால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவே அதுதான். கருப்பட்டி போட்டாலும் சர்க்கரை சர்க்கரைதான். வாசனை கூடும், அவ்வளவே. அதனால் இனிப்புக் கவுனியை விருந்தாகவே வைத்துக்கொள்ளுங்கள். சத்துக்காகத் தின்பதென்றால் கஞ்சி. ஒட்டாத கவுனியை மிக்ஸியில் ரவையாக உடைத்துவைத்தால் அரை மணி நேரத்தில் வெந்துவிடும். மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் குடிக்கலாம். இட்லி மாவுக்கு அரிசியில் கால் பங்கு கவுனி சேர்த்தால் இட்லி கொஞ்சம் கெட்டியாகும், சாம்பாரில் ஊறினால் தெரியாது.

சர்க்கரை நோயாளிகள் ‘கருப்பு அரிசி, எவ்வளவும் சாப்பிடலாம்’ என்று நினைக்க வேண்டாம். வெள்ளை அரிசியை விட மெதுவாகச் செரிக்கலாம். ஆனாலும் அரிசி அரிசிதான், மாவுச்சத்து அதில் முக்கால் பங்கு. இந்த நிறமி புற்றுநோயைத் தடுக்கும் என்றெல்லாம் பொட்டலத்தில் போடுவது பெரும்பாலும் சோதனைக் குழாயில் பார்த்ததைத் தட்டில் பார்த்தது மாதிரிச் சொல்வது.

கீரை, அதாவது முருங்கை

ஊரில் வீட்டுக்கு வீடு மரம் நிற்பதால் பெரும்பாலும் கேட்டாலே கிடைக்கும். இலையை உருவுவதுதான் புதியவர்களைப் பயமுறுத்தும் வேலை. கொப்பை அப்படியே பழைய துணியில் இறுக்கிச் சுற்றி இரவு வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் முக்கால்வாசி இலை தானாக விழுந்துவிடும். மீதிக் காம்பை மட்டும் பொறுக்கினால் போதும்.

கீரையில் உள்ள வைட்டமின் ஏ-வுக்கான சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். அதனால் நல்லெண்ணெயில் தாளிப்பதும் தேங்காய் போடுவதும் வெறும் ருசிக்கு மட்டுமல்ல. ஊறவைத்த பாசிப்பருப்பை முக்கால் வேக்காட்டில் வைத்து, கடைசியில் கீரையைப் போட்டு, மூடாமல் ஐந்தாறு நிமிஷம் கிளறி இறக்குங்கள். கால்சியமும் இரும்பும் சூட்டில் அழியாது. வைட்டமின் சி போகும். அதனால் இலையில் போட்டுக்கொண்ட பிறகு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். கீரையில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி கைகொடுக்கும்.

அதேபோல, சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிப்பதுதான் நம் ஊர் வியாதி. அதில் உள்ள டானின் வகைப் பொருட்கள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். பொடி வாங்கும் காசைவிட இந்த ஒரு மணி நேரம் அதிக வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

மலைநெல்லி கிடைக்கும் மாதங்களில் தினம் ஒன்று. 100 கிராமில் சுமார் 250 மில்லிகிராம் வைட்டமின் சி, அதாவது ஒரு பெரிய காயிலேயே ஒரு நாள் தேவை முடிந்துவிடும். வெளிநாட்டு ப்ளூபெர்ரியில் இதே எடைக்கு 10 தாண்டாது. நெல்லி கிடைக்காத நாட்களில் கொய்யா. தேனில் ஊறிய நெல்லிக்கனி என்று விற்பது மிட்டாய்க் கணக்கில் சேரும்.

கேழ்வரகும் கம்பும்

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இதற்கெல்லாம் புது மவுசு, புது விலை. பளபளப்பான பெட்டியில் வருவதைத் தவிர்த்து, சந்தையில் தானியமாக வாங்கி மாவு மில்லில் கொடுத்து அரையுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் கால்சியம். ஒரு வேளைக் கூழுக்கு 60 கிராம் மாவு என்றால் ஏறக்குறைய ஒரு டம்ளர் பால் அளவு. ஆனால் தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலம் அதில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும். முளைகட்டினால் அந்தப் பிடி தளரும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். இந்த ஊர் வெக்கைக்கு ஒரு நாளிலேயே வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். நிழலில் காயவைத்து, வாசம் வரும்வரை வறுத்து அரைக்கலாம்.

கம்பு மாவை மட்டும் மொத்தமாக அரைத்துவைக்காதீர்கள். அதில் கொழுப்பு அதிகம், பத்து நாளில் கசக்க ஆரம்பித்துவிடும். தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் கம்பை அன்றாட உணவாக வைத்துக்கொள்ளாமல் எப்போதாவது சாப்பிடலாம்.

புரதத்துக்குக் கினோவாவைத் தேடுபவர்களுக்கு: அதில் 100 கிராமுக்கு 14 கிராம், கொள்ளில் 22. கினோவாவில் அமினோ அமிலங்கள் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் சோற்றில் குறைவது பருப்பிலும் பயற்றிலும் இருக்கிறது, அவற்றில் குறைவது சோற்றில் இருக்கிறது. சோறும் கொள்ளு ரசமும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆடியில் இங்கே கும்மாயம் கிண்டுவார்கள், உளுந்தும் பாசிப்பருப்பும் கொஞ்சம் பச்சரிசியும் வறுத்து அரைத்துக் கருப்பட்டிப் பாகில். அதுவும் இதே சேர்க்கைதான், கூட நெய்யும் இனிப்பும். யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

சியா பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். அதில் உள்ள ஒமேகா-3 வகைக் கொழுப்பு நம் கீரை தானியங்களில் அந்த அளவுக்குக் கிடைக்காது. அதற்கு உள்ளூர் மாற்று ஆளி விதை. வறுத்துப் பொடித்துத் தோசைப்பொடியில் கலந்துவிடலாம். சர்பத்தில் மிதக்கும் சப்ஜா வேறு, சியா வேறு. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றால் நம்பாதீர்கள். சியாவை ஊறவைக்காமல் வாயில் போட்டு விழுங்கக் கூடாது. தொண்டையில் ஊதி அடைத்துக்கொள்ளும்.

மசாலாவுக்கு வருவோம். கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு என்று இந்த ஊர் மசாலாப் பெட்டி பெரிது. அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கும் ஷிகிமிக் அமிலத்தை வைத்துத்தான் டாமிஃப்ளூ என்ற ஃப்ளூ மருந்தைத் தயாரித்துவந்தார்கள். அதற்காகப் பிரியாணி சாப்பிட்டால் காய்ச்சல் போகாது. மஞ்சளிலும் அப்படியே. அதன் குர்குமின் எடையில் 3 சதவீத அளவுதான், அதையும் குடல் லேசில் உறிஞ்சாது. மிளகு சேர்த்தால் கொஞ்சம் கூடும். குர்குமின் மாத்திரைகளை அதிக அளவில் விழுங்கிக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. குழம்பில் போடும் அளவுக்குப் பயமில்லை.

யார் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்

இதயத்துக்கு வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தோடு மல்லுக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்து, கீரை, இளநீர், பயறு எல்லாவற்றுக்கும் மருத்துவர் சொல்லும் அளவுதான். சிறுநீரகக் கல் பிரச்சினை இருந்தால் எள்ளையும் பாலக்கையும் அளந்து சாப்பிடுங்கள், இரண்டிலும் கல்லாகச் சேரும் ஆக்ஸலேட் அதிகம். சுண்டைக்காய் வற்றலை வயிற்றுக்கு நல்லதென்று கைநிறையத் தின்பவர்கள் அதில் ஏறியிருக்கும் உப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டலமாக எது வாங்கினாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, அரைத்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ‘சர்க்கரையைக் குணமாக்கும்’ என்று போட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

முதல் வாரம்

சந்தையில் வாங்க வேண்டியது: கேழ்வரகு ஒரு கிலோ, கவுனி அரைக் கிலோ, கொள்ளும் பாசிப்பருப்பும் கால் கால் கிலோ, எலுமிச்சை ஆறு, கொய்யாவோ நெல்லியோ கிடைத்தது. எல்லாம் சேர்ந்தும் என் அந்தக் கினோவாப் பொட்டலத்தின் விலையை எட்டாது. காலையில் இரண்டு நாள் கேழ்வரகுக் கூழ், இரண்டு நாள் கவுனிக் கஞ்சி, மீதி நாள் வழக்கம்போல் இட்லி. மதியம் வாரத்தில் மூன்று நாள் கீரை, இரண்டு நாள் கொள்ளு ரசம். ஒரேயடியாக மாறாதீர்கள். வெள்ளைச் சோற்றுக்குப் பழகிய வயிறு திடீர் நார்ச்சத்தில் பொருமும். தண்ணீரைக் கூட்டிக்கொண்டு மெதுவாக ஏற்றுங்கள்.

கீரைக்குப் பக்கத்து வீட்டில் துறட்டி கேளுங்கள், தருவார்கள். கொப்பை இழுக்கும்போது நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள். முருங்கை சட்டென்று முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சியும் கூடவே வரும்.